பச்சை எரிந்தால் பயமில்லை

நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் வண்டிப் பிரிவில் இப்போது பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் போன மாதம் எனக்குப் போன் செய்தார்கள். மூலையில் கிடந்த, கேஸில் ஓடும் பழைய வேன் ஒன்றை மறுபடி ஓடவைக்கப் போகிறார்களாம். இஞ்சினுக்குள் போகும் காற்றும் எரிபொருளும் சரியான அளவில் கலக்கிறதா என்று காட்டும் மீட்டர் ஒன்றை அதில் மாட்ட வேண்டுமாம். எந்த மாதிரி வாங்குவது, எர்த் எங்கே எடுப்பது என்று இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "சார், இந்தப் பிரிவுல அத மொதல்ல மாட்டுனது நீங்கதானாமே?" என்றது குரல். ஆமாம், நான்தான். இரண்டு கேள்விக்கும் அப்போதே பதில் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

போனை வைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. அவர்கள் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் நியாயமில்லை, ஏனென்றால் எனக்கே அப்போது தோன்றவில்லை. போனில் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்று நினைப்பார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் கலியபெருமாள். உடையார்பாளையம் பக்கத்தில் பிறந்து, திருச்சியில் ஒயர்மேன் வேலை படித்து, லாரிப் பட்டறைகளில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கழற்றிப் பல வருடம் கை கறுத்தவன். தொண்ணூற்றைந்தில் ஆலையில் வண்டி எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன், இரண்டாயிரத்து ஏழில் ஓய்வு பெற்றேன். அதற்குள் எங்கள் அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். எங்கள் பிரிவின் காகிதங்களில் மாவட்டத்தின் பெயரை அடித்து எழுதுவதே ஒருவருக்குத் தனி வேலையாக இருந்தது. என் வேலை மட்டும் மாறவில்லை. டிப்பரோ ஜீப்போ வேனோ, எரியாத விளக்கை எரியவைக்க வேண்டும்.

எங்கள் ஃபோர்மேன் தியாகராசன் சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். குரலை உயர்த்த மாட்டார். ஒரு தடவை கத்தித் தொலைத்தால் தேவலை என்று நாங்கள் நினைத்த நாட்கள் உண்டு. வேலை முடிந்தது என்று போய் நின்றால் சரி என்றும் சொல்ல மாட்டார், சரியில்லை என்றும் சொல்ல மாட்டார். "ஊர்வலம் போலாமா?" என்று கேட்பார்.

எங்கள் பிரிவுக்குள் மட்டும் புழங்கிய வார்த்தை அது. புதிதாக ஒயர் இழுத்தவன் தன் வலதுகைச் சுட்டுவிரலைப் பேட்டரியின் முனையில் வைக்க வேண்டும். அங்கிருந்து ஒயர் போகும் வழியெல்லாம் விரலை எடுக்காமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஃபியூஸ் வந்தால் ஃபியூஸ் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ரிலே வந்தால் ரிலே. விளக்கையோ மோட்டாரையோ தொட்டுவிட்டு எர்த் ஒயர் வழியாகத் திரும்பப் பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். நடுவில் விரலை எடுத்தால் முதலிலிருந்து. எடுத்த இடத்திலிருந்தே தொடரக்கூடாதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "சாமி பாதி வழில எறங்கிப் போயிட்டு அடுத்த தெருவுல ஏறிக்குமாய்யா?" என்றார். சேர்ந்த புதிதில் ஒரு டிப்பரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மூன்று முறை ஊர்வலம் போயிருக்கிறேன். மனசுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. மூன்றாவது முறையில் சேசிஸ் ஓரத்தில் ஒயரின் தோல் உரசிச் செம்பு தெரிந்தது விரலில் தட்டியது. அப்படியே விட்டிருந்தால் ஒரு வாரத்தில் வண்டி பற்றியிருக்கும். அதன் பிறகு நான் திட்டவில்லை.

ஊர்வலம் முடிந்ததும் ஜாப் புத்தகம். என்ன செய்தோம் என்று செய்தவன் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கீழே அவரும் போடுவார்.

இப்போது நான் முதன்முதலில் மீட்டர் மாட்டிய வேனுக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து கல் மாதிரிப் பைகளை ஏற்றிக்கொண்டு ஆலை ஆய்வுக்கூடத்துக்கு வரும் சின்ன வேன் அது. வாரத்தில் இரண்டு நாள் பெரம்பலூருக்கும் போய்வரும். பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேஸுக்கு மாற்றினார்கள். மாற்றியதிலிருந்து சுரங்கத்து மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது, சில நாள் வெடித்தது. கேஸுக்கு மாற்றிக் கொடுத்த வெளியூர் ஆள் வந்து, கேஸ் வரும் குழாயில் இருக்கும் திருகை ஒரு நாள் திறந்து வைப்பார், வண்டி ஏறும். வெயில் மாறினால் மறுபடியும் திணறும். காதால் கேட்டுத் திருகுகிற வேலை இதற்கு ஒத்துவராது, கண்ணால் பார்க்க ஒரு மீட்டர் வேண்டும் என்று தியாகராசன் சார் முடிவு செய்தார்.

கடையில் மூன்று மாதிரிகள் இருந்தன. ஒன்று எண்ணில் காட்டுவது. துல்லியமானது, ஆனால் அதற்குத் தனிப் பெட்டியும் தனி சென்சாரும் வேண்டும், சுரங்கத் தூசியில் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது முள் ஆடுகிற மீட்டர். மூன்றாவது பத்துச் சின்ன விளக்குகள் வரிசையாக எரிவது. இடது ஓரம் சிவப்பு, நடுவில் மஞ்சள், வலது ஓரம் பச்சை. சிவப்பு எரிந்தால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. எங்கள் பட்டறை பாஷையில் இஞ்சின் பட்டினி. மஞ்சள் என்றால் அளவாகச் சாப்பிடுகிறது. பச்சை எரிந்தால் எரிபொருள் அதிகம், அஜீரணம்.

சாருக்கு முள் வைத்த மீட்டர்தான் பிடித்திருந்தது. "முள்ளுன்னா ரெண்டு பக்கமும் போகக்கூடாதுன்னு பாக்குறவனுக்கே புரியும்" என்றார். நான்தான் விளக்குக்காக வாதாடினேன். மேட்டில் ஏறும்போது டிரைவர் முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, விளக்கு என்றால் ஓரக்கண்ணிலேயே தெரியும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டார். தேர்ந்தெடுத்தவன் நான் என்பதை இங்கேயே பதிந்து வைக்கிறேன்.

மாட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், போனில் கேட்ட பிள்ளைகளுக்கு உதவும். புகையைச் சோதித்து மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சாரில் ஒற்றை ஒயர் வருவதும் உண்டு, மூன்று ஒயர் வருவதும் உண்டு. ஒற்றை ஒயர் சென்சார் புகையின் சூட்டை நம்பியே வேலை செய்யும், வண்டி நின்று உறுமும்போது ஆறிப்போய்த் தூங்கிவிடும். அதனால் உள்ளேயே சூடேற்றி வைத்த மூன்று ஒயர் சென்சாரை எடுத்தோம். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பைப்பில் ஓட்டை போட்டு, மரை உள்ள ஒரு இரும்பு வளையத்தைப் பற்றவைத்து, சென்சாரைச் சற்றுச் சாய்வாக மேல்பக்கம் பார்த்து முடுக்கினேன். நேர்கீழாக வைத்தால் பைப்பில் வேர்க்கும் தண்ணீர் அதன் மேல் இறங்கிக் கெடுத்துவிடும். சூடேற்றும் இரண்டு ஒயர்களில் ஒன்றை ஃபியூஸ், ரிலே வழியாகச் சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும்படி கொடுத்தேன். செய்தி கொண்டுவரும் கறுப்பு ஒயரைப் பிளக் ஒயர்கள் பக்கமே போகவிடாமல் தனியாகச் சுற்றி இழுத்தேன். மீட்டரின் எர்த்தை டேஷ்போர்டில் கைக்கு எட்டிய திருகில் மாட்ட எல்லாருக்கும் ஆசை வரும். கூடாது. அந்த சென்சார் பேசுவதெல்லாம் ஒரு வோல்ட்டுக்குள்தான். வண்டி உடம்பில் எர்த் எடுத்தால் நடுவில் கொஞ்சம் வோல்ட் தொலையும், மீட்டர் பொய் சொல்லும். இஞ்சின் பிளாக்கில் சுரண்டிப் பளபளப்பாக்கி அங்கே எர்த் எடுத்தேன். ஊர்வலம் போனோம். முதல் முறையிலேயே தேறினேன். சார் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வேனை ஓட்டியவன் செல்லமுத்து. கல்லங்குறிச்சிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு காலத்தில் பெருங்குடிகாரன். அதற்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஊர்ப் பெருமாள் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினான். அதை அவன் ஒளித்ததில்லை. புதிதாக யார் வந்தாலும், "நான் பழைய குடிகாரன்ங்க" என்று தானே சொல்லிச் சிரிப்பான். புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும் லீவு கேட்பான், வேறு எதுவும் கேட்டதாக ஞாபகமில்லை.

மீட்டர் மாட்டிய அன்று மத்தியானம் அவனைச் சீட்டில் உட்காரவைத்துக் காட்டினேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எனக்குப் பசி. அவனோ விடாமல் கேட்டான்.

"மஞ்சள்னா என்னண்ணே? நடுவுல நிக்கணுமா, எந்நேரமும் நிக்கணுமா?"

"அதெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதப்பா. செவப்பு எரிஞ்சா ஆபத்து, பச்சை எரிஞ்சா பயமில்ல. மேட்டுல செவப்பு வந்துச்சுன்னா எறங்கி இந்தத் திருகை அரைச் சுத்து தொறந்து வுடு. அவ்வளவுதான்."

"பச்சை எரிஞ்சா பயமில்ல" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நான் சாப்பிடப் போய்விட்டேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. எரிபொருள் குறைந்தால் இஞ்சின் சூடேறி வால்வு கருகும். கூடினால் கேஸ் வீணாகுமே தவிர இஞ்சினுக்குக் கேடு வராது. இஞ்சினுக்குப் பயமில்லை என்பதுதான் முழு வாக்கியம். நான் இஞ்சினுக்கு என்கிற வார்த்தையை விட்டுவிட்டேன். எரிபொருள் அதிகமாகிக் காற்றுப் போதாமல் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். அது மனிதனைக் கொல்லும். இது எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அந்த மத்தியானம் அது என் நினைப்பிலேயே இல்லை.

அடுத்த இரண்டு மாதம் வண்டியைப் பற்றிப் புகாரே இல்லை. நன்றாக ஏறுகிறது என்றான். கொஞ்ச நாளாகத் தலைவலி என்றும் சொன்னான். கண்ணாடி போட வேண்டிய வயசு வந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு முற்பகல். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவன் ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பஸ் ஸ்டாப்பின் தூணில் மோதினான். மழைக்கு ஒதுங்கியிருந்த பெண்கள் சிதறி ஓடித் தப்பித்தார்கள். ஒருத்தர் இடுப்பிலிருந்த குழந்தைக்கும் வண்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி என்றார்கள். செல்லமுத்து கதவைத் திறந்து இறங்கினான், நிற்க முடியவில்லை. பேச்சு குழறியது. என்ன நடந்தது என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னானாம். அவனுடைய பழைய கதை ஊருக்கே தெரியும். கூடியிருந்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆலையின் பாதுகாப்பு ஜீப் போய் அவனை அழைத்து வந்தது. திறந்த ஜீப், மழைக்காற்று. ஆபீஸ் வந்து சேர்வதற்குள் நேராக நின்றான், ஒழுங்காகப் பேசினான். பாதுகாப்பு அதிகாரி அதையும் அவனுக்கு எதிராகவே எழுதினார். குடிபோதை தெளிந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று. சாராய வாடை இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "வாடையில்லாத சரக்கெல்லாம் வந்து எத்தன நாளாச்சு" என்றாராம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்றே தற்காலிக வேலை நீக்கம். விசாரணை வைத்து நிரூபணமானால் வேலை அடியோடு போகும். நாங்களும் நம்பினோம். நானும் நம்பினேன். பதினோரு வருடச் சத்தியத்தை உடைத்துவிட்டானே என்று சாப்பாட்டு நேரத்தில் அவனுக்காக வருத்தப்பட்டுப் பேசினோம். அந்த வருத்தத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்து இரண்டு வாரம் கிடந்தது. பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போயிருந்தன. அதை நான் வேலைக்கு எடுத்த அன்றைக்கும் மழை. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேனுக்குள் உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு விளக்காகப் பார்த்தேன். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. என் மீட்டரில் சிவப்பு எரிந்தது. திருகைத் தொட்டுப் பார்த்தேன், ஏற்கனவே நிறையத் திறந்திருந்தது. இன்னும் அரைச் சுற்று திறந்தேன். பச்சை வந்தது. திருப்தியாக மற்ற வேலையைப் பார்த்தேன். அரைமணி நேரம் இருக்கும். தலை கனத்தது. மத்தியானத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தியாகராசன் சார் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார். "முடிஞ்சுதா? ஊர்வலம் போலாமா?" என்றார்.

பேட்டரியில் விரலை வைத்தேன். ஃபியூஸ் என்றேன். ரிலே என்று சொல்ல வேண்டிய இடத்தில் வார்த்தை வரவில்லை. விரல் ரிலேயின் மேல்தான் இருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. நாக்கு தடித்துக் கிடந்தது. சார் என் முகத்துக்குக் கிட்டத்தில் வந்து மோந்து பார்த்தார்.

"கலியபெருமாள், குடிச்சிருக்கியாய்யா?"

வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், எனக்கே கேட்கச் சகிக்காத ஒரு சத்தம்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், உறுமிக்கொண்டிருந்த இஞ்சினைப் பார்த்தார். கையை நீட்டிச் சாவியை அணைத்தார். என் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துக்கொண்டு போய் மழையில் உட்காரவைத்தார். வாந்தி எடுத்தேன். கால்மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. தலைவலி மட்டும் மறுநாள் வரை இருந்தது.

அவரும் நனைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். "செல்லமுத்தும் ஆபீஸ் வர்றதுக்குள்ள இப்படித்தான தெளிஞ்சான்?" என்றார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

பைப் ஆறும் வரை காத்திருந்து, சைலன்சர் வாயில் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து, சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தோம். நான் ஓட்டை போட்டு வளையம் பற்றவைத்த இடத்தில் நுரை பொங்கியது. சுரங்க ரோட்டுக் குலுக்கலில் பற்றுவைப்பு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. அந்த வேனில் இஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். மேல்மூடியின் ரப்பரும் கிழிந்திருந்தது. புகை நேராக உள்ளே வந்திருக்கிறது. அதைவிடக் கொடுமை வேறொன்று. அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரில் பட்டிருக்கிறது. காற்று அதிகம் என்று மீட்டர் சிவப்புக் காட்டியிருக்கிறது. சிவப்பைப் பார்த்தவன் நான் சொன்னபடி திருகைத் திறந்திருக்கிறான். திறக்கத் திறக்கப் புகையில் விஷம் கூடியிருக்கிறது. விரிசல் பெரிதாக மறுபடி சிவப்பு, மறுபடி அரைச் சுற்று.

"திருகை யாரு இவ்வளவு தொறந்தது?" என்று சார் கேட்டார்.

"டிரைவர்தான் சார் தொறந்திருக்கணும்."

அது என் வாயிலிருந்து வந்த பதில். நான் திறந்த கடைசி அரைச் சுற்றைத் தவிர, அதிலும் பொய் இல்லை. சரி, எழுதிவிடு என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்குப் போனார். ஜாப் புத்தகத்தைத் திறந்து, ஓட்டுநர் கேஸ் திருகைத் தானாக அதிகம் திறந்துள்ளார் என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். குடித்தான் என்கிற குற்றம் போய், வண்டியில் கை வைத்தான் என்கிற குற்றம் வரும். அதற்கும் வேலை போகும். நான் அவனிடம் சொன்னதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவனும் நானும். அவன் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? எனக்கு ஓய்வு பெற மூன்று நான்கு வருடம்தான் பாக்கி. இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். திருகைத் திறக்கச் சொன்னது நான். பச்சை எரிந்தால் பயமில்லை என்று சொன்னதும் நான். புகையைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கே கொண்டுபோய் நீட்டினேன். சார் அடித்த வரியையும் படித்தார், அடிக்காத வரியையும் படித்தார்.

"வெரலு மீட்டரு வரைக்கும் வந்துச்சு. மீட்டரைப் பாக்குறவன்கிட்ட போவல. அத நானும் கேக்கல" என்றார். பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

விசாரணையில் அந்தப் பக்கத்தை அவரே படித்தார். என்னையும் நிற்கவைத்துக் கேட்டார்கள், சொன்னேன். செல்லமுத்து மேல் இருந்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கும் சாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்தான். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஊர்வலம் வண்டியோடு முடியவில்லை. எதை மாட்டினாலும் அதை ஓட்டுகிற ஆளை உட்காரவைத்து, அவன் என்ன புரிந்துகொண்டான் என்று அவன் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் சார் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் கேட்காத மூன்றாவது விஷயம் இதுதான். எந்த மீட்டர் வாங்கினாலும் வாங்குங்கள், எர்த்தை இஞ்சினில் எடுங்கள், ஆனால் டிரைவரிடம் முழு வாக்கியம் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பச் சொல்லும் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கடிதம் ஒரு சாக்கு. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை ஷெட்டில் நாலு பேருக்கு நடுவில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

கல்லங்குறிச்சியில் அவன் வீட்டு வாசலில் சாக்கை விரித்துச் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "வாங்கண்ணே" என்று எழுந்து நின்றான். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். அவன் மனைவி அஞ்சலை உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலையோரம் நின்றுகொண்டாள்.

புகை எப்படி வந்தது, திருகு, விரிசல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் குடிக்கலியாண்ணே?" என்றான்.

"என்னப்பா கேக்குற?"

"அன்னிக்கு நடந்தது எதுவுமே நெனப்புல இல்ல. எல்லாரும் சொன்னாங்க. பழைய ஆளுதான, எங்கயாச்சும் எவனாச்சும் குடுத்து வாங்கிக் குடிச்சிருப்பனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பெருமாள் கோயில் பக்கமே போவல. போயி என்னான்னு நிக்கிறது?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது அஞ்சலை பேசினாள்.

"அண்ணே, அந்தப் பொகைக்கு வாடை உண்டுங்களா?"

"இல்லம்மா. வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது. அதனாலதான் யாருக்கும் தெரியல."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சொல்வது போல அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி மோதுன அன்னிலேருந்து தெனம் இவுரு வூட்டுக்குள்ள வாரப்பல்லாம் வாய ஊதச் சொல்லி மோந்து பாத்தேங்க. ஒரு வாடையும் இல்ல. வாடையில்லாத சாராயம் போலன்னு நெனச்சேனே தவிர, குடிக்கலன்னு ஒரு நாளும் நெனக்கல. இவுரும் ஒரு வார்த்த பேசாம ஊதிக் காட்டுனாரு."

செல்லமுத்து கையிலிருந்த கதிரைச் சாக்கில் வைத்தான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்தா ஊதணுமா, வேணாமா?" என்று கேட்டான்.

விளையாட்டாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்த நான், அதை இரண்டு பேரில் யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.